தட்டியாச்சு

போன ஆவணி மாதம், தூத்துக்குடி திரேஸ்புரம் கடற்கரையில், என் பட்டறை வாசலில் நடந்தது இது. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். யாரிடமும் கைகட்டி நிற்காமல் நானே கற்று, கட்டி இறக்கிய ஃபைபர் படகுகள் நூற்றுக்கு மேல் இருக்கும். படகின் உடம்பைப் பழைய ஐந்து ரூபாய் நாணயத்தால் தட்டிப் பார்ப்பேன். கணீரென்றால் நல்லது, சொத்தென்று மந்தமாகக் கேட்டால் உள்ளே கோளாறு. நான் ‘தட்டியாச்சு’ என்று சொல்லிவிட்டால் கடலுக்குப் போகலாம் என்று இந்தக் கரையில் அர்த்தம்.

பாறையில் மோதிய படகு ஒன்று வந்தது. அடிபட்ட இடத்தில் உள்ளங்கை அளவு வெட்டியெடுத்து, புது இழையும் ரெசின் பசையும் வைத்து அடைத்தேன். சுற்றிலும் தட்டினேன். சொல்லியும் விட்டேன், “தட்டியாச்சு.”

அன்றைக்குக் கல்லூரியிலிருந்து ஆராய்ச்சி செய்கிற பெண் ஒருத்தி வந்திருந்தாள். ஃபைபர் எப்படி உடைகிறது என்று எக்ஸ்ரே படம் பிடித்து, கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவாளாம். எனக்குச் சிரிப்பு. வெட்டிய துண்டை நீட்டி, “கொண்டுபோ தாயி, என் காதுகிட்ட உன் மிஷின் தோக்கட்டும்” என்றேன்.

கொடுத்த பிறகு ஏனோ இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு நாளும் படகைச் சுற்றிச் சுற்றி வந்து தட்டினேன். கணீரென்றுதான் கேட்டது.

மூன்றாம் நாள் காலை படத்தோடு வந்தாள். துண்டின் மேலே ஒரே ஒரு கீறல். உள்ளே அடுக்குகள் பிரிந்து, கறுப்புக் கோடாக வெடிப்பு ஓடியிருந்தது.

“துண்டோட ஓரம் வரைக்கும் போயிருக்கு பாருங்க அண்ணாச்சி. மீதி எங்க இருக்கு?”

மீதி படகில் இருந்தது. படகில் ஐந்து பேர் ஏறிக்கொண்டிருந்தார்கள். அலை அடிக்க அடிக்க அந்த வெடிப்பு எப்படி நீளும் என்று அவள் கணக்கைக் காட்ட ஆரம்பித்தாள். நான் செருப்பை விட்டுவிட்டு ஓடினேன்.

“ஏலே, எறங்குங்கலே!”

படகுக்காரர் சிரித்தார். “நீருதானவே தட்டியாச்சுன்னீரு? இப்பம் காது அடைச்சிட்டோ?”

கரையே வேடிக்கை பார்த்தது. எஞ்சின் உறுமியது. படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். கடைசியில், “நான் தட்டுனது தப்பு!” என்று கத்தினேன்.

எஞ்சின் நின்றது. நான் போட்ட ஒட்டுக்கு ஒரு சாண் தள்ளி, மேல்பூச்சை அரைத்துப் பார்த்தோம். அடுக்கு நகம் பட்டே உரிந்து வந்தது. அதன் பிறகு படகுக்காரர் சிரிக்கவில்லை.

இப்போதும் தட்டுகிறேன், இந்தக் கரையில் என் காதுக்கு ஈடான காது கிடையாது. ஆனால் ‘தட்டியாச்சு’ என்று வாய் திறக்கும் முன், மீதி எங்க இருக்கு என்ற கேள்வி முந்திக்கொண்டு வந்து என்னை நிறுத்திவிடுகிறது.