முதல் மணியிலேயே எடுத்துவிடும் பாவா

கீச்சென்று ஒரு விசில், பின்னாலேயே கரகரவென்று ஓர் இரைச்சல்... மோடம் சத்தம் ஞாபகம் இருக்கிறதா? என்னைப் பெங்களூருக்கு அனுப்பி வைத்த சத்தம் அது.

திருத்தணியில் அக்கா வீட்டுக்காரர், எங்கள் வழக்கப்படி பாவா, லுங்கி மொத்த வியாபாரம் செய்துகொண்டிருந்தார். பொதட்டூர்பேட்டைத் தறிச் சரக்கு. கடைக்கு ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர் வாங்கி, பில்லையும் ஸ்டாக்கையும் அதில் ஏற்றி வைத்தவன் நான்தான். அதன் குணம் தெரிந்தவனும் நான் ஒருத்தன்தான்.

அப்போது பார்த்து பெங்களூரில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை சேர வேண்டும்.

"நீ பாட்டுக்குப் போய்ட்டா, இது மொறைச்சிகினு நின்னா யாருடா பாப்பாங்க?" என்றார் பாவா.

நியாயமான கேள்வி. கடை போன் லைனில் ஒரு மோடத்தை மாட்டினேன். வெளியூரிலிருந்து நான் டயல் செய்தால் அது எடுத்து லாகின் கேட்க வேண்டும்; உள்ளே போய் அங்கிருந்தே கடைக் கம்ப்யூட்டரைச் சரிசெய்துவிடலாம். இது நடக்காவிட்டால் பெங்களூர் இல்லை என்று மனசுக்குள் முடிவே செய்துவிட்டேன்.

சனிக்கிழமை அரக்கோணத்தில் நண்பன் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து டயல் செய்தேன். இணைப்பு வரவில்லை. மறுபடியும்... ம்ஹூம். அவன் வீட்டு போனை எடுத்துப் பேசினேன்.

"பாவா, இப்ப போன் வந்துச்சா?"

"ஆங், வந்துச்சி. எடுத்து முருகான்னேன். எவனோ காதுல விசில் அடிக்கிறான்டா!"

அதுதான் விஷயம்! மோடம் நாலாவது மணிக்கு எடுக்கும். பாவாவோ முதல் மணியைத் தாண்ட விடமாட்டார், ஹலோவுக்குப் பதில் 'முருகா' என்று எடுத்துவிடுவார். மோடத்தை முதல் மணிக்கு வைத்தால் வியாபாரிகள் காதில் விசில்.

"கொஞ்ச நேரம் எடுக்காம இருங்க பாவா."

"போன் அடிச்சிகினே இருக்கும், நான் பாத்துகினு இருக்கணுமா? என்னால ஆவாதுப்பா."

அவரைத் திருத்த முடியாது. அன்று மாலையே திருத்தணி திரும்பிக் கம்ப்யூட்டரைத் திருத்தினேன். 'எடு' என்று ஒரு சின்ன புரோகிராம்; அதை ஓட்டினால் மணி அடிக்காமலேயே மோடம் லைனை எடுத்துக்கொள்ளும். நான் போன் செய்வேன், பாவா பேசுவார், பேசி முடித்ததும் அதை ஓட்டிவிட்டு, விசில் கேட்டதும் ரிசீவரை வைப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மறுபடி அரக்கோணம். "முருகா... சொல்றா. டிபன் ஆச்சா? சரி, உடறேன்..." கீச்... கரகர... அப்புறம் திரையில் 'login:'.

நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டேன். அன்று இரவே பெங்களூர் ரயில் ஏறினேன். அதற்கப்புறம் பல வருஷம், என் ஒவ்வொரு லாகினும் பாவாவின் முருகாவில்தான் தொடங்கியது.

இப்போது எந்த ஊர் சர்வரையும் கண் சிமிட்டும் நேரத்தில் திறக்கிறேன். பாஸ்வேர்டு கேட்கும், டிபன் ஆச்சா என்று கேட்காது.

பாவா கடையை விட்டுவிட்டார். வயசாகிவிட்டது, நடுவில் ஒரு ஆபரேஷனும் ஆனது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுகிறேன். போன வாரம் இரண்டாவது மணி போனது... மூன்றாவதும் போனது... நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

"முருகா... குளிச்சிகினு இருந்தேன்டா. சொல்லு."

அப்பாடா!