வாசலில் நின்ற ஹில்டா

பேய் பிசாசு என்று யாராவது கதை தொடங்கினால் எழுந்து போய்த் தேநீர் போடுகிற ஆள் நான். ஊரில் சுடலைப் பக்கத்தால் எத்தனையோ தடவை சைக்கிளில் போய்வந்தவன், ஒன்றையும் கண்டதில்லை. இதை நீங்கள் நம்பமாட்டீர்கள், இரவில் பெட்ரோல் ஸ்டேஷன், பகலில் கோப்பிக் கடை என்று இரண்டு வேலை பார்த்தவன் நித்திரைக் குறைவில் கனவு கண்டிருப்பான் என்பீர்கள், என் மனைவியும் அதைத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுப் போங்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம், லண்டன் வால்தம்ஸ்டோவில் ஒரு சின்னக் கோப்பிக் கடையில் வேலை. மத்தியானம் கழிந்தால் கடை ஈயாடும். அந்த நேரம் பார்த்து ஹில்டா என்ற வயதான ஜெர்மன் பெண்மணி வருவார். கடை முழுக்கக் கதிரைகள் காலியாகக் கிடக்கும், அவரோ வாசலிலேயே நிற்பார். கூட வேலை செய்தவர்கள் மனுஷிக்கு மூளை பிசகிவிட்டது என்று சிரித்தார்கள். எனக்கு மட்டும் விளங்கியது, ஏனென்றால் நான் கிழக்கு ஜெர்மனியைக் கண்டவன்.

எண்பதுகளில் இலங்கையிலிருந்து எங்கள் ஆட்கள் பலர் வந்த வழி அது. கிழக்கு பெர்லினில் இறங்கி, ரயில் ஏறி மேற்குப் பக்கம் மாறுவது. நானும் அண்ணையும் வந்தோம். பசி தாங்காமல் ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தால் உள்ளே ஒரு சனம் இல்லை, அண்ணை நேரே போய் ஒரு மேசையில் உட்கார்ந்துவிட்டார். பரிமாறுகிறவன் ஓடிவந்து கத்தத் தொடங்கினான். அந்த நாட்டில் கடை காலியாக இருந்தாலும் வாசலில் நிற்க வேண்டுமாம், அவன் வந்து இடம் காட்டினால்தான் உட்காரலாமாம். அண்ணை வழிநெடுகப் புறுபுறுத்துக்கொண்டு வந்தார்.

"வெறுங் கதிரையில இருக்கிறதுக்கும் ஒருத்தன்ர உத்தரவு வேணுமே?"

பிறகு ஸ்டேஷன் சோதனையில் என்னை விட்டார்கள், அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊருக்குப் போனவரை ஆமிக்காரர் ஒரு சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான், இருக்கிறாரா இல்லையா என்று இன்றுவரை ஒரு சேதியும் இல்லை. தேடித் தேடி எங்களுக்கே அலுத்துவிட்டது.

அதனால் ஹில்டா வாசலில் நின்றால், அவருடைய பாஷையில் எனக்குத் தெரிந்த ஒரே சொல்லான "பிட்டே"யை, தயவுசெய்து வாருங்கள் என்கிற மாதிரி, சொல்லிக் கையைக் காட்டுவேன். சுவரோரம் இரண்டே கதிரை போட்ட சின்ன மேசைக்குப் போவார். பெர்லின் மதில் விழுந்த பிறகு லண்டனில் மகளோடு இருக்க வந்தவர். அரைகுறை இங்கிலீஷில் கதைப்போம். அவருடைய புருஷன் வேலையிடத்தில் அரசாங்கத்தைப் பற்றி ஏதோ பகிடி விட்டாராம், மேல்வீட்டுக்காரனே காட்டிக்கொடுத்தானாம், விசாரணைக்கென்று கூட்டிப்போனவர் திரும்பவேயில்லை. நான் அண்ணையின் கதையைச் சொன்னேன், அந்த மேசைக் கதையையும் சேர்த்து. ஹில்டா சிரித்து அன்றைக்குத்தான் கண்டேன். உன் அண்ணன் வந்தால் என் மேசையில் உட்காரட்டும், ஒருவரையும் கேட்கத் தேவையில்லை என்றார்.

மழை தூறிய ஒரு மாசி மாதப் பின்னேரம். நிமிர்ந்து பார்த்தால் வாசலில் ஹில்டா நிற்கிறார், பக்கத்தில் தொப்பியைக் கையில் பிடித்தபடி ஒரு மனிதர். இரண்டு பேரும் உள்ளே வராமல் காத்து நின்றார்கள். "பிட்டே" என்றேன், போய் உட்கார்ந்தார்கள். இரண்டு கோப்பி போட்டுக்கொண்டு திரும்பினேன், மேசையில் ஒருவரும் இல்லை. கதவைத் திறந்தால் மணி அடிக்கும், அடிக்கவேயில்லை. வந்தபோதும் அடிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அது பரவாயில்லை. பக்கத்து மேசையிலிருந்து ஒரு கதிரையை யாரோ இழுத்து அவர்களுடைய மேசையோடு சேர்த்துப் போட்டிருந்தார்கள். கடையில் அப்போது வேறு ஆளே இல்லை.

அடுத்த நாள் ஹில்டாவின் மகள் வந்து, அம்மா நேற்றுக் காலையிலேயே ஆஸ்பத்திரியில் இறந்துபோனார் என்று சொன்னாள். ஹில்டாவும் அந்த மனிதரும் நான் கூப்பிடும்வரை நின்றவர்கள். அந்த மூன்றாவது கதிரைக்கு நான் ஒருவரையும் கூப்பிடவில்லை.

கடை கைமாறிவிட்டது, எனக்கும் வயதாகிவிட்டது. அண்ணி ரெய்னர்ஸ் லேனில் மகளோடு இருக்கிறார், இன்றைக்கும் நெற்றியில் குங்குமம் வைக்காமல் வெளியில் இறங்கமாட்டார். போன கிழமையும் போனில் கேட்டார்.

"தம்பி, அவரைப் பற்றி ஏதும் அறிஞ்சனீங்களோ?"

"இல்லை அண்ணி" என்றேன்.