ரேகை விழாத கை

திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகத் தமிழ் நடத்துகிறேன். இந்தப் பருவத்துக்கு ஒரு பழைய நாவல் பாடம். கதாநாயகியின் முகத்தைப் பற்றி அதில் ஒரு வரிகூடக் கிடையாது. கைகள்தான் அத்தியாயத்துக்கு அத்தியாயம் வரும். நாற்று நடும் கை, பிள்ளையைத் தூக்கும் கை, கடைசிப் பக்கத்தில் பண்ணையார் முன்னால் கூப்பிய கை. "அந்தக் கூப்பிய கை பணிவு இல்லை, எதிர்ப்பின் குறியீடு" என்று நான் சொல்ல, பிள்ளைகள் வரி விடாமல் எழுதிக்கொண்டார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அதே வாரம், விக்கிரவாண்டிப் பக்கம் எங்கள் ஊர் ரேஷன் கடையில் அம்மாவின் ரேகை விழவில்லை. மாதக் கடைசிக்குள் பதியாவிட்டால் கார்டிலிருந்து பேரை எடுத்துவிடுவார்களாம். நான் சென்னையில் இருந்தபோது எடுத்த என் பேரைத் திரும்பச் சேர்க்கவே இல்லை. கார்டில் இருப்பது அம்மா பேர் ஒன்றுதான். என் சம்பளம் எப்போது வரும் என்று எனக்கே தெரியாது. வீட்டில் அந்த அரிசிதான் சோறு.

பத்து விரலையும் வைத்துப் பார்த்தார்கள். விதைக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைத்து உடைத்து ரேகை தேய்ந்திருந்தது. மிஷினில் போட்டால் பருப்பு பிளந்துவிடும், முளைக்காது என்று விதைக்கு மட்டும் கையால்தான் உடைப்பார்கள்.

"பத்து நாளு கைக்கு வேலை குடுக்காம, எண்ணெய் தடவிக்கினு வாங்க. ரேகை வந்துரும்" என்றார் கடைக்காரர்.

பாத்திரம்கூட நானே கழுவினேன். எட்டாம் நாள் கல்லூரியிலிருந்து வந்தால் வீடு பூட்டிக் கிடக்கிறது. பக்கத்து வீட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மல்லாட்டை உடைக்கிறார்கள், நடுவில் அம்மா!

"அறிவு இருக்கா உனக்கு?" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்திவிட்டேன்.

அம்மா தலை நிமிரவில்லை. "நமக்கு ஒடைக்க வந்தாங்க இல்ல? இப்ப நான் போவலன்னா எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அவங்கள பாக்குறது?"

எங்கள் ஊரில் விதை உடைப்புக்குக் கூலி கிடையாது. அவள் வந்தால் நீ போக வேண்டும்.

மாதக் கடைசி நாள் கடையில் அம்மா விரலை வைத்தாள், துடைத்தாள், திரும்ப வைத்தாள். கருவி ஒவ்வொரு தடவையும் சிவப்புதான் காட்டியது. தெரிந்தவர்கள் இரண்டு பேருக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை.

"நான் இன்னா சார் பண்றது, மிஷினு ஒத்துக்கல" என்றார் கடைக்காரர். பாவம், அவரும் நல்லவர்தான்.

அப்போது அம்மா அவரைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினாள். "கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க சாமி." அவருக்கு என் வயதுகூட இருக்காது. அதில் எதிர்ப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அம்மா கெஞ்சினாள். வகுப்பில் வாய் கிழியப் பேசிய நான் பக்கத்தில் மரம் மாதிரி நின்றேன்.

திரும்பி வரும்போது வெறும் பையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"உன் பேச்சக் கேட்டுக்கினு சும்மா குந்தியிருக்கணும். தப்பு எம்மேலதான். கோவிச்சிக்காதப்பா" என்றாள்.