மெதுவா அழச் சொல்லுங்க

சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் போகிற வழியில் எங்கள் ஊர். கீழே நானும் அம்மாவும். மாடியில் இருபது பேர் சேர்ந்து தங்குகிற மாதிரி ஐந்து அறை கட்டி, சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டேன். விளம்பரத்தில் நான் போட்டது ஒரே வரி: கொசு உண்டு, சத்தம் கிடையாது. அதற்கே சென்னையிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, மாடி நிறைய ஆள். காலையில் பக்கத்து வீட்டு அக்காவின் புருஷன் மாரடைப்பில் போய்விட்டார். என்னை வாய் நிறைய மச்சான் என்று கூப்பிட்ட மனுஷன். சாவு வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள், அடுத்த வீட்டுக்காரன்தான் காப்பி கொண்டுபோக வேண்டும். கொண்டுபோனேன். அக்கா தலைவிரி கோலமாக மாரில் அடித்துக்கொண்டிருந்தாள். தெருப் பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். எல்லோருக்கும் மேலே கேட்டது என் அம்மாவின் குரல். வாசலில் மேளக்காரர்கள் தீ மூட்டித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். என் மாடியில் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு என்னையே முறைத்தார்.

டம்ளரை அக்காவிடம் நீட்டியபடியே சொன்னேன்: “மேளம் வேணாங்க்கா. கொஞ்சம் மெதுவா அழச் சொல்லுங்க. மேல ஆளுங்க தங்கியிருக்காங்க.”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு ஐஸ் பெட்டியைப் பார்த்தாள். அதற்குக் கரண்டு என் வீட்டிலிருந்துதான் இழுத்திருந்தது. முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டாள்.

மேளக்காரர்கள் திரும்பிப் போனார்கள். அப்படி ஊமையாக ஒரு பிணம் எங்கள் தெருவில் போனதே இல்லை. எனக்கு அப்பாடா என்றிருந்தது, வெட்கமெல்லாம் இல்லை. அம்மா மட்டும் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு பெரிய மனசு பண்ணி, மாடியைப் பெருக்கித் துடைக்கிற வேலையை அக்காவுக்கே கொடுத்தேன்.

போன மாசம் அம்மா செத்துப்போனாள்.

தெருவே வந்தது. மாலை போட்டார்கள், சுவரோரமாக உட்கார்ந்தார்கள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. சொல்லியனுப்பிய மேளமும் வரவில்லை. எத்தனை சாவுக்குத் தொண்டை கிழிய அழுதவள் என் அம்மா! அவளுக்கு அழ ஒரு குரல் இல்லை.

அக்கா காப்பியோடு வந்தாள்.

“குடி தம்பி. சத்தம் போடக் கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். மேல ஆளுங்க தங்கியிருக்காங்கல்ல.”

அன்று மாடியில் ஒரு ஆளும் இல்லை. ஐந்து அறையையும் பெருக்கிப் பூட்டி, சாவிக்கொத்தை இடுப்பில் செருகியிருந்தவளே அவள்தான்.