மூன்று நட்சத்திரம் வரை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பாதர்ஸ்ற் வீதிப் பக்கம் ஒரு யூத முதியவரின் வீட்டைத் துப்புரவு செய்யும் வேலை எனக்கு. மனைவியை இழந்தவர், தனியாக இருந்தார். யன்னல் விளிம்பு முழுவதும் பழைய சூரியக் கடிகாரங்கள். ஒன்றில் இலக்கங்களே இல்லை, பன்னிரண்டு கோடுகள் மட்டும். பகலைப் பன்னிரண்டாகப் பிரித்தால் வருவதுதான் எங்கள் மணி என்றார். மார்கழியில் அந்த மணிக்கு நாற்பத்தைந்து நிமிடம்கூட இல்லை.

"நாங்கள் எட்டாகப் பிரிப்போம்," என்றேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ராகுகாலத்தை விளக்கினேன். "வெள்ளிக்கிழமையில் நாலாவது பங்கு. அப்போது நல்ல காரியம் எதையும் தொடங்க மாட்டோம்."

அவர் பென்சிலை எடுத்து மறுநாளுக்குக் கணக்குப் போட்டார். பதினொன்று ஆறிலிருந்து பன்னிரண்டு பதின்மூன்று வரை. பென்சில் நின்றது.

"நாளை பதினொன்றரைக்கு மொன்றியலில் என் தங்கைக்கு ஆப்பரேஷன்."

"அதெல்லாம் இந்த நாட்டுக்குப் பொருந்தாது," என்று அவசரமாகச் சொன்னேன். நான் சொன்னதை நானே நம்பவில்லை. ராகுகாலத்தைப் பற்றிச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பஸ்ஸில் முழு வழியும் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி. போன் அடிக்கவேயில்லை. நான் துடைத்த மேசையையே திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றேன். சூரியன் மறையப் பதினெட்டு நிமிடம் இருக்கையில் அவர் மெழுகுதிரிகளை ஏற்றினார். அவர்களின் ஓய்வுநாளான சபாத் தொடங்கிவிட்டால் மறுநாள் இரவு வானில் மூன்று நட்சத்திரம் தெரியும்வரை அவர் போனைத் தொட மாட்டார்.

நான் கோட்டைப் போடும்போது போன் அடித்தது. நின்றது. திரும்பவும் அடித்தது. அடிப்பது தங்கையின் மகனாகத்தான் இருக்கும்; அவருக்கு இந்த முறைகள் எதுவும் கிடையாது.

"எடுக்கட்டுமா?"

எடுக்கச் சொல்லி என்னைக் கேட்க அவருக்கு அனுமதியில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. கதிரையின் கையைப் பிடித்தபடி சுவரைப் பார்த்தார். நானாகவே எடுத்தேன்.

தங்கை நாலு மணிக்கு இறந்துவிட்டார்.

போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது அவர் கையை உயர்த்தினார். "சபாத்தில் துக்கச் செய்தி சொல்லக் கூடாது. நல்லதானாலும் நாளை இரவுதான் சொல்லுங்கள்." நான் தலையாட்டினேன். என் முகம் என்ன சொன்னதோ தெரியாது. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் வீட்டுக் கதவைத் திறந்த கணவர், "என்னப்பா, முகம் கறுத்துப் போச்சு?" என்றார். சொன்னேன்.

"நாளைக்கு உமக்கு லீவெல்லோ? போனில சொல்லுமன்."

"அந்த மனுசன் போன் எடுக்காது. நான் போகோணும்."

அன்றிரவு முழுதும் அவருக்குச் சொந்தமான ஒரு மரணத்தை நான் வைத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை முழுதும் பனி கொட்டியது. நட்சத்திரம் ஒன்றும் இல்லை. மாலையில் அவர் வீட்டில், சுவரில் தொங்கிய சபாத் நேர அட்டவணையைப் பார்த்துக்கொண்டே இருவரும் உட்கார்ந்திருந்தோம். நேரம் வந்ததும் அவர் மெல்ல எழுந்து நின்றார்.

"இப்போது சொல்லுங்கள்."

சொன்னேன். கண்ணை மூடி, தன் மொழியில் ஒரு வரி சொன்னார். பிறகு உள்ளே போய்க் கத்தரிக்கோலோடு வந்தார். உடன்பிறந்தவர் இறந்தால் அவர்கள் வழக்கப்படி போட்டிருக்கும் சட்டையைக் கிழிக்க வேண்டுமாம். கத்தரிக்கோலை என்னிடம் நீட்டினார்.

"தொடக்கத்தை மட்டும் நீங்கள் வெட்டிவிடுங்கள்."

வலப்பக்கம், கழுத்தோரத்தில், ஒரு விரல் நீளம் வெட்டினேன். மிச்சத்தை அவரே கிழித்தார்.