காய்ச்சல் டாக்டர்

நடுவிரலின் புறத்தை அலுமினியப் பெட்டியின் மேல் வைத்து, கண்ணை மூடி, உதடு மட்டும் அசைய எட்டு வரை எண்ணுகிறார். விரல் தாங்கினால் பெட்டிக்கு ஆயுசு உண்டு. ஐந்திலேயே கையை உதறினால், "உள்ள நல்ல காய்ச்சல், திறந்துதான் பாக்கணும்" என்பார். வெப்பமானி ஒன்று மேசையிலேயே கிடக்கிறது. பில் காகிதம் பறக்காமலிருக்க அதை வைத்திருக்கிறார்.

பெட்டி என்பது மின்சார வண்டியின் கன்ட்ரோலர். பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு எவ்வளவு கரண்ட் போகலாம் என்று தீர்மானிக்கும் சாமான். பாரத்தோடு மேடு ஏறும்போது நூற்றைம்பது ஆம்பியர் பாயும். உள்ளே நகம் அகலத்தில் இருக்கும் சிப்புகள் கொதித்துப் போகும். அந்தச் சூட்டைப் பெட்டிக்குக் கடத்தி, காற்றில் விட்டாக வேண்டும். இல்லையேல் கன்ட்ரோலர் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள வண்டியை நடுமேட்டில் நிறுத்திவிடும். அதைச் சரிசெய்வதுதான் இவர் பிழைப்பு. பட்டறைக்கு வருகிறவர்கள் காய்ச்சல் டாக்டர் என்கிறார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பதில்லை.

வாய் கொஞ்சம் நீளம். மழைக்குப் பயந்து பெட்டிக்கு ரெக்சின் உறை தைத்துப் போட்டு வந்தவரிடம், "வெயில்ல நீங்க கம்பளி போத்திக்குவீங்களா?" என்றார். சிப்புக்கடியில் சூடு கடத்தும் பசையை அள்ளி அப்பியிருந்த இன்னொருவரிடம், "சுவத்துக்குப் பூச மிச்சம் வச்சிருக்கீங்களா?" யாரும் கோபித்துக்கொள்வதில்லை. வேலை அவ்வளவு சுத்தம்.

அவர் தங்கை ஒரு தண்ணீர் கம்பெனியின் கேன் வண்டி ஓட்டுகிறாள். அதில் புது கன்ட்ரோலரைத் தன் கையாலேயே கோத்து மாட்டியது அண்ணன்தான். மாட்டிய மூன்றே வாரத்தில் வண்டி நான்கு முறை ஆஸ்பத்திரி மேட்டில் நின்றது. நான்கு முறையும் இவர் விரலை வைத்து, எட்டென்ன, இருபது வரை எண்ணினார்.

"ஜில்லுனு இருக்கு. நீதான் மேட்டுல முறுக்கு முறுக்குனு முறுக்குற."

"இல்லண்ணே, பையத்தான் ஏத்துறேன்."

"பெட்டி பொய் சொல்லாதும்மா."

இன்று ஐந்தாவது முறை. கூடவே தண்ணீர் கம்பெனி முதலாளியும் வந்துவிட்டார். சாவி அவர் கைக்குப் போயிருந்தது. "உங்க அண்ணனே உங்க ஓட்டுதான் சரியில்லங்கிறாரு. நாளைலேர்ந்து வேற ஆள வச்சுக்கிறேன்" என்றார். இரண்டு பிள்ளைகளை அந்தச் சம்பளத்தில்தான் அவள் வளர்க்கிறாள். அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"என்ன நம்ப வேணாம். ஒரே ஒரு தடவ திறந்து பாருண்ணே."

முனகிக்கொண்டே திறந்தார். சிப்புகளுக்கும் பெட்டிக்கும் நடுவே, சூட்டைக் கடத்தும் ரப்பர் பட்டை. அதன் மேல் நீல நிறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் தாள். பட்டையை ஒட்டும் முன்பே உரித்துப் போட்டிருக்க வேண்டிய தாள். உரிக்காமல் விட்டது அவர் கைதான். சூடு பெட்டிக்கு வரவேயில்லை. உள்ளேயே நின்று வெந்திருக்கிறது. பெட்டி ஜில்லென்று இருந்ததற்கு அதுதான் காரணம்.

இருவரும் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தார்கள். குப்பைக்கூடை காலடியில். ஏதாவது ஒரு ஒயர் மேல் பழியைப் போட்டால் கேட்பாரில்லை. கூடையைப் பார்த்தார். பிறகு நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, தாளைக் கிழியாமல் உரித்து எடுத்துப்போய் முதலாளியின் உள்ளங்கையில் வைத்தார்.

"இது என்ன?"

"நான் உரிக்காம விட்டது. அஞ்சு தடவையும் என் தப்பு. அவ ஓட்டுனது சரி."

முதலாளி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய மறு கையிலிருந்த வண்டிச் சாவியை டாக்டர் தானே எடுத்துக்கொண்டார். தலையை நிமிர்த்தாமல், இரண்டு கையாலும் அதைத் தங்கையிடம் நீட்டினார்.