குடைக்குள் போன கோடைகள்

தில்லைநாயகி அக்காவை நான் முதன்முதலில் பார்த்தபோது தலை மட்டும்தான் தெரிந்தது. 2013 நவம்பர். பாரிஸின் லா ஷப்பலில் ஒரு காய்கறிக் கடையில் கறிவேப்பிலை தேடிக்கொண்டிருந்தேன். காலடியில் தரைப்பலகை ஒன்று திறந்துகொள்ள, முருங்கைக்காய்ப் பெட்டி ஒன்று மேலே வந்தது. அதன் பின்னால் கம்பளித் தொப்பி போட்ட ஒரு தலை.

"தம்பி, வெளியிலை வெயில் எறிக்குதோ?"

"இல்லக்கா. மூடிட்டுதான் இருக்கு."

"நாசமாப் போக!" என்றது தலை. இறங்கிவிட்டது. பிறகு வாராவாரம் போய்ப் பழகி, அவரும் மகள் சுபாங்கியும் சொல்லக் கேட்டதுதான் இனி வருவது.

புறநகரான சார்செலில் அக்கா வீட்டை விட்டு இறங்கும்போது இருட்டு. ரயில் கண்ணாடியில் தன் முகம்தான் தெரியும். கடையின் நிலவறையில் குழல்விளக்குக்குக் கீழே காய் பிரித்துக் கட்டி முடித்துத் திரும்பினால் மறுபடியும் இருட்டு. நடுவில் பகல் என்று ஒன்று வந்துபோனதா என்பதை மேலே நிற்பவர்கள் சொல்லித்தான் தில்லைநாயகி தெரிந்துகொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்றால், வானம் பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறத்தில் கிடக்கும்.

அந்த நவம்பரில் முழங்கால் பிடித்துக்கொண்டது. இடுப்பெலும்புக்குள் உளைந்தது. நிலவறைப் படியோ ஏணிபோலச் செங்குத்து. ஒவ்வொரு படிக்கும் சுவரைப் பிடித்து ஏறுவதை முதலாளி செபஸ்தியாம்பிள்ளை பார்த்துவிட்டார்.

"தங்கச்சி, ஏலாட்டிச் சொல்லிப்போடும். வேறை ஆளைப் பாப்பம்."

"ஏலும் அண்ணை, ஏலும்."

ஏலாது என்று சொல்ல வழியில்லை. கணவர் முதுகு முறிந்து வீட்டில் கிடந்தார். வீட்டு வாடகை இவருடைய இரண்டு கால்களை நம்பித்தான் இருந்தது.

டாக்டர் ஜிஸ்லேன் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். சுபாங்கி தமிழில் சொன்னாள்.

"உங்களுக்கு விட்டமின் டி இல்லவே இல்லையாம். வெயில் பட்டாத்தான் அது வருமாம். கோடையிலை வெளியிலை போறேல்லையோ எண்டு கேக்கிறா."

"போறனான் எண்டு சொல்லு."

சுபாங்கி பிரெஞ்சில் கொஞ்சம் கூடவே சொன்னாள். டாக்டரின் புருவம் உயர்ந்தது.

"என்னடி சொன்னனீ?"

"குடையைப் பற்றிச் சொன்னனான்."

ஜூலையில் பூங்காப் புல்லில் வெள்ளைக்காரர்கள் கருவாடுபோல வரிசையாகக் கிடக்க, தில்லைநாயகி மட்டும் முழுக்கைச் சட்டையும் குடையுமாகப் போவார். மகளையும் அதற்குள் இழுப்பார். "கறுத்துப் போனா ஆரடி கட்டுவான்?" பிரான்சுக்கு வந்த நாள் முதல் ஒரு கோடையும் தப்பவில்லை.

டாக்டர் எழுதித் தந்த மருந்துக் குப்பிகளைக் கொண்டுபோய் ஃபிரிட்ஜில் வைத்தவர் அப்புறம் தொடவில்லை. "யாழ்ப்பாணத்திலை பிறந்தவளுக்கு வெயிலைக் குப்பியிலை அடைச்சுத் தாறாவோ?" வானத்திடமே நேரே வாங்கிக்கொள்வது என்று முடிவு. மத்தியானத்தில் கொஞ்ச நேரம் வெளியே நிற்க முதலாளியிடம் கேட்டார்.

"வெயிலுக்கு லீவோ? பொறும், அடுத்த பிளேனிலை மிளகாயோடை ரெண்டு பெட்டி வெயிலும் போட்டுவிடச் சொல்லுறன்."

கடையே சிரித்தது. அவரும் சிரித்துவைத்தார், உள்ளே பற்றிக்கொண்டு வந்தாலும். மறுநாள் சின்ன வெங்காய மூட்டையை மேலே இழுத்துவந்து, நடைபாதையில் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, அழுகல் பொறுக்கத் தொடங்கினார். வேலையும் நடக்கிறது, முதலாளி என்ன சொல்ல முடியும்? டிசம்பர்க் குளிரில் சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டி விட்டிருந்தார். விரல் விறைத்து வெங்காயம் நழுவியது. போகிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

வானம் திறக்கவில்லை. ஒரேயொரு நாள் வெயில் வந்தது. வந்ததும் எதிர்க் கட்டடத்தின் மேல்மாடியில்தான். மஞ்சள் பூசினதுபோல ஜன்னலில் ஒட்டி நின்றுவிட்டு, கீழே இறங்காமலே போய்விட்டது. "கீழ வந்தா குறைஞ்சா போயிடுவாய்?" என்று தில்லைநாயகி வாய்விட்டே ஏசினார்.

ஜனவரியில் ஒருநாள் படியில் கால் மடங்கி, பெட்டியோடு சரிந்தார். முருங்கைக்காயெல்லாம் நிலவறையில் சிதறியது. செபஸ்தியாம்பிள்ளை இந்த முறை பகிடி விடவில்லை.

"இந்த மாசத்தோடை நிப்பாட்டுவம், தங்கச்சி."

மறுபடியும் டாக்டர். மருந்து குடிக்கவில்லை, வெயிலில் இருந்தேன் என்று கேட்டதும் அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். சுபாங்கி தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"இஞ்சை குளிர்காலத்திலை சூரியன் நல்லாப் பதிஞ்சு போகுதாம். கையிலை பட்டாலும் ஒண்டும் வராதாம். கோடையிலை சேத்து வைச்சிருக்கோணுமாம்."

"அப்ப நான் கை விறைக்க விறைக்க இருந்தது?"

"சும்மாவாம்."

வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் ஃபிரிட்ஜைத் திறந்து, குப்பியை உடைத்து வாயில் ஊற்றிக்கொண்டார். "எண்ணெய் மாதிரிக் கிடக்கு. த்தூ!"

மறுநாள் முதலாளியிடம் போனார். "மார்ச் முடியுமட்டும் பாருங்கோ அண்ணை. அப்பவும் நொண்டினா நானே போறன்." அவர் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. மார்ச் கடைசியில் ஒருநாள் தில்லைநாயகி சுவரைப் பிடிக்காமல் ஏறி வந்தார். செபஸ்தியாம்பிள்ளை அவருடைய கால்களைப் பார்த்தார். "அந்த வாழைப்பூப் பெட்டியையும் கொண்டுவாரும்" என்றார். அவ்வளவுதான் பதில்.

அந்த ஜூலையில் குடை வீட்டிலேயே கிடந்தது. கை இரண்டும் கறுத்தன. "என்ன, தோட்டக் கூலிக்குப் போறியளோ?" என்று மச்சாள் கேட்டாள்.

"ஓம். குளிருக்கு வெயில் சேக்கிறன்."

தில்லைநாயகி இப்போதும் அதே கடையின் நிலவறையில்தான் வேலை செய்கிறார். கோடையில் குடை பிடிப்பதில்லை. நவம்பர் வந்தால் குப்பி மருந்து குடிக்கிறார், த்தூ என்றபடியே. பெட்டியோடு மேலே வரும்போதெல்லாம், வெளியில் வெயில் எறிக்கிறதா என்று இன்னும் கேட்கிறார்.